டயர் கிடந்த வளைவு

எந்த ஆற்றுக்கும் இல்லாத ஒரு வசதி அந்த ஓடைக்கு உண்டு. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பிறக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். செவ்வாயும் சனியும், காலை ஆறரை. அல் ஐன் ஊரின் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்யும் நிலையத்தின் பின்சுவரில் ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் ஆள் குனிந்து நுழைகிற அகலம். அதன் தலைமாட்டில் ஓர் இரும்புச் சக்கரம். இடப்பக்கமாக ஏழு சுற்றுச் சுற்றினால் ஓடை பிறந்துவிடும். வலப்பக்கமாக ஏழு சுற்றினால் செத்துப்போகும். இந்தப் பிறப்பும் இறப்பும் ஆறு வருஷமாக அம்மையப்பன் கையில்தான் நடந்துகொண்டிருந்தன.

ஊர்ப் பூங்காக்களும் சாலையோரத்துப் பேரீச்சைகளும் குடித்தது போக மிஞ்சிய தண்ணீர்தான் ஓடைக்கு. வெயில் காலத்தில் ஒரு சொட்டும் மிஞ்சாது. ஐப்பசி தொடங்கிச் சித்திரை வரைக்கும் ஓடும். குழாயிலிருந்து இருநூறு அடி தூரத்துக்குக் கல் பாவிய வாய்க்கால். அதற்கப்புறம் வெறும் மணல். ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒற்றை மரம் ஒன்று நிற்கும். அரபிகள் காஃப் என்பார்கள், பார்த்தால் நம்மூர் வன்னிதான். வன்னியைத் தாண்டி முந்நூறு எட்டு வைத்தால் ஓடை இடதுகைப் பக்கம் வளையும். பிறகு ஓர் ஒட்டகப் பண்ணையின் பின்வேலி, அதற்கப்புறம் பெரிய ரோட்டுக்கு அடியில் ஒரு பாலம், பாலம் தாண்டினால் ஆளுயர நாணல். கடைசியில் மணல்மேட்டு அடிவாரத்தில் ஓடை பாய் விரித்த மாதிரிப் பரந்து நிற்கும், மணல் அதைக் குடித்துவிடும். மொத்தம் ஏழு கிலோமீட்டர். கடல் என்பது வேறு திசையில், நூறு மைலுக்கு அந்தப் பக்கம். அந்த ஓடை கடலைப் பார்த்ததே கிடையாது.

திறப்பது, மூடுவது, திறக்காத நாளில் மம்மட்டியும் வாருகோலுமாக ஓடையோடு நடந்து குப்பை, பிளாஸ்டிக், சரிந்த மண் எல்லாவற்றையும் அள்ளுவது. இதுதான் அம்மையப்பனுக்கு டூட்டி. பன்னிரண்டரை மணிக்கு வன்னி மரத்தடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பான். திறந்ததும் போன் வரும். பெரம்பலூர் பக்கத்தில் அப்போது மணி இரண்டு. மக்காச்சோளக் காட்டிலிருந்து பானுப்பிரியா வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். எட்டாவது படிக்கிற மகள் அகிலா, லீவு நாளென்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

"தண்ணி வந்துச்சாங்க?"

"வந்துச்சு."

"எது வரைக்கும்?"

"இப்ப ஒட்டகத்தார் கொல்லைக்கிட்டப் போயிருக்கும்."

ஒட்டகத்தார் கொல்லை என்று அந்தப் பண்ணைக்குப் பெயர் வைத்தவள் அவள்தான். பாலத்துக்கு மதகு என்று பெயர். கடைசியில் தண்ணீர் பரந்து நிற்கிற இடம் ஏரி. ஒருநாள்கூட வந்து பார்க்காத ஓடையை அங்கிருந்தபடியே அவள் நிர்வாகம் செய்துகொண்டிருந்தாள். நிர்வாகம் என்று வந்துவிட்டால் புகாரும் இருக்கும் அல்லவா?

"அந்த டயரை எடுத்தாச்சா?"

வளைவில் ஒரு டயர் கிடந்தது. மண் வாரும் பெரிய வண்டியின் டயர், அம்மையப்பனின் மார்பளவு உயரம். யார் எப்போது போட்டார்களோ, பாதிக்கு மேல் மண்ணுக்குள் போயிருந்தது. ஒருமுறை வீடியோவில் காட்டித் தொலைத்துவிட்டான், அன்றைக்குப் பிடித்தது இந்தக் கேள்வி.

"அது முடியாதுடி. ஜேசிபி வரணும்."

"ஆமா, வந்துரும் ஜேசிபி. தெனம் ஒரு மம்மட்டி மண்ணு அள்ளியிருந்தாக்கூட இந்நேரம் எடுத்திருக்கலாம்."

"அதனால யாருக்கு என்னா நட்டம்? தண்ணி சுத்திக்கிட்டுப் போவுது."

"நேராப் போற தண்ணிய எதுக்குங்க சுத்த விடணும்? என் காட்டுல இப்புடிக் கெடந்தா சும்மா வுடுவேனா?"

"உன் காட்டுலயா கெடக்கு?"

"பின்ன யாரு காட்டுல?" என்பாள். அத்தோடு பேச்சு வேறு எங்காவது போய்விடும். மறுநாள் மறுபடியும் டயர் வரும்.

சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை. சக்கரம் மூன்று சுற்று வந்திருந்தபோது போன் அடித்தது. மச்சான் விஜயபாஸ்கர், பானுப்பிரியாவின் தம்பி. மூன்று நாளாக அவளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்பது வரைக்கும் அம்மையப்பனுக்குத் தெரியும். ரத்தத்தில் ஏதோ அணு குறைகிறது, ஏற்றுகிறார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள்.

"மாமா... அக்கா போயிடுச்சு மாமா."

அம்மையப்பன் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மீதி நாலு சுற்றையும் சுற்றினான். குழாயில் தண்ணீர் உறுமிக்கொண்டு வந்தது. பேசுவது கேட்கவில்லை. சுவர் ஓரமாக நகர்ந்து போய், "சொல்லு" என்றான்.

பாஸ்போர்ட் அவனிடம் இல்லை. விசா புதுப்பிக்கக் கம்பெனி வாங்கிப் போயிருந்தது. கையில் வர எட்டு நாளாகும் என்றார்கள். ஊரிலோ சித்திரை வெயில். "நாளைக்கு மதியத்துக்கு மேல தாங்காது மாமா. என்னா பண்ணட்டும்?" என்று அழுதுகொண்டே கேட்டான் விஜயபாஸ்கர். "நீங்களே முடிச்சுருங்க" என்று அம்மையப்பன் சொன்னான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்துதான் வந்தது. பாஸ்போர்ட் எட்டாம் நாள் சொன்னபடி வந்துவிட்டது. இனிமேல் போய் யாரைப் பார்ப்பது என்று தோன்றியது. தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

அழுகை வரவில்லை. அதுதான் அவனுக்கே விளங்கவில்லை. காலையில் எழுந்தான், குளித்தான், வண்டி ஏறினான், சக்கரம் சுற்றினான். அறையில் இருக்கிற ஐந்து பேரும் மூன்று நாளைக்கு டிவியைப் போடவில்லை, அவனே போய்ப் போட்டான். பன்னிரண்டரைக்கு டப்பாவைத் திறந்தால் கை தானாகப் போனைப் பக்கத்தில் எடுத்து வைக்கும். போன் கிடக்கும். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே தின்று முடிப்பான். பல் டாக்டர் ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி உடம்பு முழுவதும் கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் விஜயபாஸ்கர் மறுபடி கூப்பிட்டான்.

"பதினாறாம் நாளு ஞாயித்துக்கெழமை வருது மாமா. இங்க நான் பாத்துக்கறேன். ஆனா ஊர்ல பெரியவங்க ஒன்னு சொல்றாங்க. ஆம்பளப்புள்ள இல்ல, தாலி கட்டுனவரு கையால ஒரு பிண்டம் வுட்டாத்தான் ஆவுமாம். அங்கயே, ஓடுற தண்ணியில வுடணும். நடுவுல எங்கயும் தங்கக் கூடாதாம். தங்குனா அக்காவும் அப்புடியே தங்கிடுமாம்."

"சரி."

"ஓடுற தண்ணி இருக்கா மாமா அங்க?"

"இருக்கு."

அகிலா போனை வாங்கினாள். "அப்பா, நம்ம ஓடையிலயாப்பா வுடப்போறீங்க?"

"ஆமாடா."

"அம்மா அதுல போயிருவாங்களா?"

"போயிரும்."

"எங்கயும் நிக்காம?"

"நிக்காது. கடலுக்குப் போயிரும்" என்றான். ஏழு கிலோமீட்டரும் காலால் அளந்தவன் சொன்ன பொய் அது. அகிலா "சத்தியமா?" என்று மட்டும் கேட்டாள். "சத்தியமா" என்றான்.

அன்று சாயங்காலம் மீராசா பாயின் கடையில் ஆலோசனை நடந்தது. மீராசா கீழக்கரைக்காரர், சனாயியா என்கிற தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு வருஷமாக மளிகைக்கடை. தமிழ் ஆட்களுக்கு அப்பளம் தொடங்கி அழுகை வரைக்கும் எல்லாவற்றுக்கும் அந்தக் கடைதான். அறைத்தோழன் பாலகுருவும் உடன் வந்திருந்தான். ஏசி மெக்கானிக், மன்னார்குடிப் பக்கம். பெரியப்பா காரியம் செய்து வைப்பதை நாலு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். அந்தத் தகுதியில் அவன் இப்போது ஐயராகியிருந்தான்.

"எள்ளு இருக்கா பாய்?"

"கறுப்பா, வெள்ளையா?"

"கறுப்பு. வாழையிலை வேணும், பச்சரிசி வேணும். தர்ப்பை கெடைக்குமா?"

"தர்ப்பைக்கு நான் எங்கப்பா போவேன்? இலை மலையாளி கடையிலேருந்து வாங்கித் தாறேன்." மீராசா அம்மையப்பனைப் பார்த்தார். "தம்பி, நான் ஒன்னு சொல்லட்டா? வேனு இருக்கு. ஞாயித்துக்கெழமை சுபுஹு தொழுதுட்டுக் கெளம்புனா வெயிலுக்கு முன்னாடி கடலுக்குப் போயிறலாம். கடலு பெருசு. எதையும் நிப்பாட்டாது."

"ஓடுற தண்ணின்னு சொல்லியிருக்காங்க பாய்."

"அந்த ஓடைத் தண்ணி என்ன தண்ணிண்ணே?" என்று பாலகுரு குரலைத் தாழ்த்தினான். "ஊரு கக்கூஸ் தண்ணிதானே?"

"சுத்தம் பண்ணுனது. மீனு கெடக்குது அதுல."

"இருந்தாலும்..."

"உங்க ஊரு ஆத்துல மட்டும் பன்னீராப்பா ஓடுது?" என்றார் மீராசா.

அம்மையப்பன் எள்ளுப் பொட்டலத்தைக் கையில் வாங்கி, "அவளுக்கு அந்த ஓடைதான் தெரியும் பாய். கடலெல்லாம் தெரியாது" என்றான். மீராசா பச்சரிசி அளக்கப் போனார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓடை கிடையாது. போர்மேன் சாகிர் பாயிடம் போய் நின்றான். ஹைதராபாத்காரர், ஆறு வருஷத்தில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு, திட்டியதும் குறைவு. தெரிந்த இந்தியில் சொன்னான். மனைவிக்கு பீவி, தண்ணீருக்கு பானி, நடுவில் பதினாறு நாள். சாகிர் காகிதங்களைப் பார்த்துக்கொண்டே காதில் வாங்கிக்கொண்டார்.

"ஆதா கண்டா" என்றார் கடைசியில். அரை மணி நேரம். அதற்கு மேல் திறந்தால் பூங்காக்களுக்குப் போகிற தண்ணீர் குறையும், மேலே கேள்வி வரும். "ஆதா கண்டா, பிர் பந்த். அவுர் ஜாக்கெட் பெஹன்னா. கேமரா ஹை."

நிலையத்து வேலிக்குள் கேமரா உண்டு, யார் நின்றாலும் மஞ்சள் பளபளப்பு ஜாக்கெட் போட வேண்டும். இதற்கும் போட வேண்டும்.

அரை மணி நேரம் என்று கேட்டதுமே அம்மையப்பனின் தலைக்குள் ஓடை ஓடத் தொடங்கிவிட்டது. காய்ந்த மணலில் தண்ணீரின் தலை மெதுவாகத்தான் போகும், மணல் குடித்துக் குடித்து விடும். அரை மணித் தண்ணீர் வன்னியைத் தாண்டும். வளைவு வரைக்கும் போகும். அதற்கு மேல் போகாது. ஆறு வருஷம் பார்த்த கண்ணுக்கு இதில் சந்தேகமே இல்லை. வளைவில் என்ன கிடக்கிறது என்பதும் தெரியும். "டீக் ஹை பாய்" என்று சொல்லிவிட்டு வந்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரைஸ் குக்கரில் பச்சரிசி வெந்தது. ஆறு மணிக்கு மீராசா வேனோடு வந்தார். அம்மையப்பன் குளித்த ஈரத்தோடு வேட்டி கட்டி, வெற்று மார்பில் மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டான். அவனைப் பார்க்கப் பாலகுருவுக்கு ஒருமாதிரியாக இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டான். சக்கரத்தை அம்மையப்பனேதான் சுற்றினான். தண்ணீர் வந்தது.

கல் பாவிய வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். தர்ப்பைக்குப் பதில் ஓடைக் கரையில் முளைத்திருந்த ஏதோ புல்லைத் திரித்து பாலகுரு மோதிரம் பண்ணினான்.

"இதைப் போடுண்ணே. தெக்க பாத்து உக்காரு. தெக்கு எது?"

"இதான்" என்று மீராசா கை காட்டினார். தினம் ஐந்து வேளை திசை பார்த்துத் தொழுகிறவர், அவர் கணக்குத் தப்பாது.

"மூணு உருண்டை புடிண்ணே. எள்ளு சேத்து. சின்னதாப் புடி. அண்ணி பேரைச் சொல்லு."

"பானுப்பிரியா."

"மூணு தடவை."

மூன்று தடவை சொன்னான். மளிகைக்கடையில் சாமான் பெயர் சொல்வதுபோலத்தான் வந்தது, அவனுக்கே கேட்டது. எள்ளும் தண்ணீரும் விட்டான். பூ கிடைக்கவில்லை. நிலையத்து வாசலில் கம்பெனி வளர்க்கிற அரளியில் நாலு பறித்து மீராசா கொண்டுவந்திருந்தார். கிழிசல் இலையில் மூன்று உருண்டையும் பூவும் வைத்து, குனிந்து தண்ணீரில் விட்டான். இலை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நேராகப் போனது.

"திரும்பிக்கண்ணே! பாக்காத. இனிமே பாக்கவே கூடாது."

"சக்கரத்தை மூடணுமே. ஓடையைப் பாத்தாப்லதான் நிக்கணும்."

பாலகுரு யோசித்தான். அவன் பெரியப்பா இப்படி ஒரு சங்கடத்தைக் கண்டதில்லை. "கண்ணை மூடிக்கிட்டுச் சுத்து" என்றான்.

அதுவரைக்கும் அரை மணி நேரம் போக வேண்டும். மூன்று பேரும் ஓடைக்கு முதுகைக் காட்டி, நிலையத்தின் பின்சுவரைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மீராசாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவரும் சுவரையே பார்த்தார். சுவரில் ஒன்றும் இல்லை. சுண்ணாம்பு பொரிந்த இடத்தில் ஒரு பல்லி இருந்தது.

"எம் பொஞ்சாதி ஜுலைஹா போயி ஏழு வருசம் ஆவுது" என்றார் மீராசா, யாரிடம் என்று இல்லாமல். "நான் அப்ப லீவு முடிஞ்சு வந்து நாலு நாளு. திரும்பிப் போயிருக்கலாம். கடையில சரக்கு எறங்குற நாளு."

"போகலியா பாய்?"

"போகல."

அம்மையப்பன் மணி பார்த்தான். எழுந்து போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஏழு சுற்றுச் சுற்றினான். தண்ணீர்ச் சத்தம் மெலிந்து நின்றது. "முடிஞ்சுதுண்ணே. நல்லபடியாப் போயிடுச்சு" என்று பாலகுரு அவன் தோளைப் பிடித்தான். அகிலாவுக்குப் போன் போட்டு, "வுட்டாச்சுடா" என்று மட்டும் சொன்னான். போய்விட்டதா என்று அவள் கேட்பதற்குள், வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

பாலகுரு பார்க்கக் கூடாது என்றான். கம்பெனி பார்க்கத்தான் சம்பளம் கொடுக்கிறது. திங்கட்கிழமை காலை மம்மட்டியும் வாருகோலும் தோளில் போட்டு ஓடையோடு நடந்தான். மணல் ஈரம் வன்னி வரைக்கும் கறுப்பாகத் தெரிந்தது. வன்னியைத் தாண்டி அவன் நடையை மெதுவாக்கினான். ஒருவேளை சுற்றிக்கொண்டு போயிருக்கும். ஒருவேளை இலை கிழிந்து, எல்லாம் கரைந்து ஒன்றும் இல்லாமல் போயிருக்கும். ஆறு வருஷக் கணக்கு ஒரு நாளைக்குத் தப்பினால் என்ன?

தப்பவில்லை. டயரின் அடியில், வடக்குப் பக்கம், இலை ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஓர் உருண்டை கரைந்துவிட்டிருந்தது. இரண்டு அப்படியே இருந்தன, எள்ளோடு. அரளிப்பூ ஒன்று டயரின் பள்ளத்தில் செருகிக்கொண்டு நின்றது.

அம்மையப்பன் மம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். வெகுநேரம் நின்றான். பிறகு பாலகுருவுக்குப் போன் போட்டான்.

"ஏன்டா, ஒருவேளை எங்கயாச்சும் தங்கிட்டா?"

"எதுண்ணே?"

"நேத்து வுட்டது."

"தங்காதுண்ணே. அதான் நல்லா ஓடுச்சே."

"தங்கிட்டா, கையால எடுத்து அந்தாண்ட வுடலாமா?"

"அய்யய்யோ. வுட்டதக் கையால தொடக் கூடாதுண்ணே. அது அண்ணியத் திருப்பிக் கூப்புட்ட மாதிரி ஆயிடும். ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

நாளைக்குச் செவ்வாய். முழுத் தண்ணீர் வரும். வந்தாலும் இந்த டயர் இருக்கிற வரைக்கும் இலை இங்கேயே முட்டிக்கொண்டு சுழலும், கிழியும், அழுகும். ஒட்டகத்தார் கொல்லை, மதகு, ஏரி, எதையும் பார்க்காது. சத்தியம் வேறு பண்ணியிருக்கிறான்.

ஜாக்கெட்டைக் கழற்றி வைத்தான். இலை கிடந்த பக்கம் போகாமல், சுற்றிக்கொண்டு அந்தாண்டைப் பக்கம் போய் மம்மட்டியைப் போட்டான். மேல் மணல் லேசாக வந்தது. ஒரு முழத்துக்குக் கீழே மண் இறுகிச் சிமெண்டு மாதிரி இருந்தது. வெட்டினான். எட்டு மணி, ஒன்பது மணி. வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்தது. தண்ணீர் பாட்டில் தீர்ந்தது. பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது, எடுக்கவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து பிடி வழுக்கியது, தலைத்துண்டைச் சுற்றிக்கொண்டு வெட்டினான். வலித்தது. பதினேழு நாளில் முதன்முதலாக அவனுக்கு ஒன்று வலித்தது.

இரண்டு மணி வாக்கில் சாகிர் பாயின் பிக்கப் மணலில் குலுங்கிக்கொண்டு வந்து நின்றது. இறங்கி வந்தவர் இடுப்பளவுக் குழிக்குள் நிற்கிற அவனைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். அதன் அடியில் கிடந்த இலையையும் பார்த்தார். வண்டிக்குப் போய்ப் பின்பக்கத்திலிருந்து இரும்புக்கயிறு கொண்டுவந்தார். டயருக்குள் நுழைத்துக் கட்டச் சொல்லிவிட்டு, வண்டியை அந்தாண்டைப் பக்கம் வளைத்து நிறுத்தினார்.

"தீரே, பாய், தீரே" என்று கத்தினான் அம்மையப்பன். மெல்ல, மெல்ல.

கயிறு விறைத்தது. டயர் முனகியது, அசைந்தது, ஒரு பக்கம் சாய்ந்து மேலே வந்தது. வண்டி அதை இருபது அடி இழுத்துப் போய்க் கரையில் போட்டது. இலை கிடந்த இடத்திலேயே கிடந்தது. அம்மையப்பன் குழியை மண் தள்ளி மூடி, மேலே மட்டம் தட்டினான். இப்போது இலைக்கு முன்னால் சுத்தமான தரை நேராகப் போனது.

சாகிர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "பஹலே க்யூ நஹீ போலா?" என்றார்.

முன்னாடியே ஏன் சொல்லவில்லை? வண்டி இருந்தது, கயிறு இருந்தது. ஆறு வருஷமும் இருந்தன. ஒருநாள் வாயைத் திறந்து கேட்டிருந்தால் போதும். அம்மையப்பன் பாட்டிலை வாயில் வைத்துக் குடித்தான்.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு ஏழு சுற்று. ஓடை பிறந்ததும் அவன் வளைவுக்குப் போகவில்லை. வன்னி மரம் வரைக்கும் நடந்து, மரத்துக்கு இந்தப் பக்கம், வளைவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். தண்ணீர் அவனைத் தாண்டி நுரையும் குப்பையுமாகப் போனது. அந்த இடத்தில் உட்கார்ந்தால் வளைவில் தண்ணீர் டயரில் முட்டி, தொண்டைக்குள் வாங்கித் துப்புகிற மாதிரி ஒரு சத்தம் எப்போதும் கேட்கும். ஆறு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறான். காதைக் கொடுத்துக் கேட்டான். ஏழரை ஆனது. எட்டு ஆனது. சத்தம் வரவே இல்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நிலையத்துப் பக்கம் வேலை பார்த்துவிட்டு, மதியம் மறுபடி அதே இடத்துக்கு, அதே முதுகோடு வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தான்.

பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. திரையில் பானுப்பிரியா என்று வந்தது, மஞ்சள் புடவைப் படத்தோடு. அகிலா அம்மாவின் போனிலிருந்து கூப்பிடுகிறாள்.

"தண்ணி வந்துச்சாப்பா?"

"வந்துச்சு."

"எது வரைக்கும்?"

"மதகைத் தாண்டியிருக்கும். ஏரிக்குப் பக்கமாப் போயிருக்கும்."

"நேத்து ஏம்ப்பா எடுக்கல?"

"வேலைடா." பிறகு சொன்னான், "அகிலா, அப்பா ஒரு பொய் சொல்லிட்டேன். இந்த ஓடை கடலுக்குப் போவாது. மணல்ல எறங்கிரும்."

"தெரியும்ப்பா. அம்மா சொல்லியிருக்காங்க. அங்க நாணல் இருக்கும், கொக்கு வரும். அங்க போனாப் போதும்." பிறகு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து லீவு நாளெல்லாம் கேட்டுப் பழகிய அதே இழுவையோடு கேட்டாள். "அந்த டயரை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு, பானு" என்றான் அம்மையப்பன்.

வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குக் கேட்டது. இந்த ஒரு வார்த்தைக்காக ஆறு வருஷம் கேட்டவள் அந்தப் பக்கம் இல்லை, இனி இருக்க மாட்டாள் என்பது அப்போதுதான், சோற்றுக் கையோடு உட்கார்ந்திருக்கிறபோது, முழுசாக வந்து இறங்கியது. அவன் வாய்விட்டு அழுதான். ஆளில்லாத வெட்டவெளி, யாருக்கும் கேட்காது. கேட்டாலும் அவனுக்கு ஒன்றும் இல்லை.

அகிலா அவனைத் திருத்தவில்லை. அவன் அழுது ஓய்கிற வரைக்கும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, சாப்புடுங்க" என்றாள் அப்புறம். "சோறு ஆறிடும்."

அவன் சாப்பிட்டான். உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.